மீன் தொட்டியைக் 'கழுவித் தருகிறோம்' என்பவர்களிடம் கவனம்: சாயங்காலம் கண்ணாடி, நாலாம் நாள் பால்

தண்ணீர் கொஞ்சம் கலங்கியதும் ஆளைக் கூப்பிட்டுவிடும் பழக்கம் உள்ளவர்களுக்காக இந்தப் பதிவு. ஒரு பெரிய நன்னீர்த் தொட்டியில் பராமரிப்புக்கு வந்தவர்கள் செய்த வேலைகள் கீழே இருக்கின்றன. ஒவ்வொன்றும் பில்லில் தனி வரியாக ஏறியது. பாதி தேவையே இல்லாதது, மீதி கெடுதல் செய்தது.

தொட்டி 180 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். பெருக்கினால் 648 லிட்டர். ஆனால் அடியில் 5 செ.மீ. கூழாங்கல், மேலே 5 செ.மீ. காலி இடம். அது போக 540. கட்டையும் பாறையும் அடைத்த இடத்தைக் கழித்தால் உண்மையான தண்ணீர் 500 லிட்டருக்குச் சற்று மேல். எந்த மருந்துக்கும் அளவு இந்த எண்ணிலிருந்துதான் வர வேண்டும். வந்தவர்கள் ஸ்கேலும் எடுக்கவில்லை, அளவுக் குவளையும் எடுக்கவில்லை. எல்லாம் மூடிக் கணக்கு.

புகார் சின்னதுதான். லேசான வெண்மை, நீளவாக்கில் பார்த்தால் மறுமுனை மங்கல். 180 செ.மீ. தண்ணீரை ஊடுருவிப் பார்க்கும்போது எந்தத் தொட்டியும் முன்பக்கத்தைவிட மங்கலாகத்தான் தெரியும் என்பதை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். மீன்கள் நன்றாகத் தின்றன, நீந்தின. தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக நின்று தண்ணீரை வடிகட்டும் கேனிஸ்டர் ஃபில்டர் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அதன் மெல்லிய பஞ்சு அடைத்துப்போய் தண்ணீர் வரத்து பாதியாகக் குறைந்திருந்தது. கலங்கலுக்குக் காரணம் அதுவும், சில நாளாகக் கூடுதலாக விழுந்த தீனியும். பஞ்சை மட்டும் மாற்றி, தீனியைக் குறைத்து, கால்வாசித் தண்ணீரை இரண்டு முறை மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அவர்கள் முதலில் எடுத்தது டி.டி.எஸ். பேனா. தண்ணீரில் முக்கி, எண்ணைக் காட்டி, "தண்ணி ரொம்ப மோசம் சார்" என்றார்கள். டி.டி.எஸ். காட்டுவது கரைந்திருக்கும் உப்புகளை. கலங்கல் என்பது கரையாமல் மிதப்பது. இரண்டுக்கும் தொடர்பில்லை. மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியா எவ்வளவு என்பதையும் அந்தப் பேனா சொல்லாது. இந்தப் பேனாவை மட்டும் நீட்டி முடிவு சொல்கிறவரை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து நடந்தது 'டீப் கிளீனிங்'. மீன்களை வாளியில் பிடித்துப்போட்டு, 90 சதவீதத் தண்ணீரை இறக்கி, கூழாங்கல் முழுவதையும் அள்ளி, குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை அலசினார்கள். ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தார்கள். ஃபில்டருக்குள் இருக்கும் துளையுள்ள செராமிக் ரிங்குகள் "எக்ஸ்பைரி ஆகிவிட்டன" என்று சொல்லி மொத்தமாக மாற்றி, பழையதைக் கையோடு எடுத்துப் போனார்கள்.

பெரிய ஏமாற்று இந்த ரிங் விஷயத்தில்தான். செராமிக் ரிங்குக்கு எக்ஸ்பைரி கிடையாது. நொறுங்கிப் போகாதவரை வருடக்கணக்கில் இருக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வாழ்வது ரிங்கின் துளைகளில், ஸ்பாஞ்சில், கூழாங்கல்லின் மேல்தோலில். தண்ணீரில் மிதப்பவை சொற்பம். ஆகவே தண்ணீரை இறக்கியதால் மட்டும் ஃபில்டர் சாகாது, மீன்தான் அதிர்ச்சி அடையும். ஆனால் ரிங், ஸ்பாஞ்ச், கல் மூன்றையும் ஒரே நாளில் தொட்டால் தொட்டி பிறந்த நாளுக்குத் திரும்பிவிடுகிறது, மீன்கள் மட்டும் முழு எண்ணிக்கையில். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அங்கே போடப்படுவதே பாக்டீரியாவைக் கொல்லத்தான். அதில் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் அது தன் வேலையைச் செய்யத்தான் செய்யும்.

கடைசியாக இரண்டு பாட்டில்கள்: தண்ணீரைத் தெளிய வைக்கும் திரவம் ஒன்று, 'உயிருள்ள பாக்டீரியா' ஒன்று. சாயங்காலம் தொட்டி கண்ணாடி போல இருந்தது. போட்டோ எடுத்தார்கள், பணம் வாங்கினார்கள், போனார்கள்.

நாலாம் நாள் தொட்டி பால்.

ஏன் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். மீன் கழிவு, மிஞ்சிய தீனி போன்ற கரிமப் பொருளைத் தின்னும் வேறு வகைப் பாக்டீரியாவோ சில மணி நேரத்துக்குள் பல மடங்காகும். ஒட்டி வாழ்ந்த கூட்டம் போய்விட்டதால் இந்த வேகக்காரர்கள் தண்ணீரிலேயே மிதந்து பெருகுகிறார்கள். அதுதான் அந்தப் பால் நிறம். 'உயிருள்ள பாக்டீரியா' பாட்டில்களில் பலவற்றில் இருப்பதும் வித்து வடிவில் தாங்கும் பாசில்லஸ் இனம்தான். அது கழிவைத் தின்னும், அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் வேலைக்கு ஆகாது, தானே கலங்கலையும் கூட்டும். அம்மோனியாவை மாற்றும் உண்மையான நைட்ரிஃபையிங் பாக்டீரியா வித்து உண்டாக்காது. வெயிலில் கிடந்த பாட்டிலில் அது உயிரோடு இருக்கும் என்று நம்புவதற்கில்லை. தேதியும் சேமிப்பு வெப்பநிலையும் அச்சிடாத பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

இரண்டாம் முறை வந்தபோது "தீனி அதிகமாகப் போட்டுவிட்டீர்கள்" என்று பழி தொட்டிக்காரர் மேல் விழுந்தது. தெளிய வைக்கும் திரவம் இந்த முறை இரட்டை அளவு. கூடவே "பாக்டீரியாதான் பிரச்சினை" என்று ஒரு ஆன்டிபயாடிக். முதல் பில்லில் பாக்டீரியாவை விற்றவர்கள், அடுத்த பில்லில் அதைக் கொல்லும் மருந்தை விற்றார்கள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. ஆன்டிபயாடிக் தண்ணீரில் கரைந்து எல்லா இடமும் போகும். ஃபில்டரில் அப்போதுதான் துளிர்த்த கொஞ்சநஞ்சத்தையும் அது விட்டுவைக்காமல் போகலாம்.

திரவத்தை இரட்டிப்பாக்கியதும் தப்பு. அதிலுள்ள பாலிமர் நேர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின்னூட்டம் உள்ள நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாக்கும், பஞ்சு அதைப் பிடிக்கும். அளவு மிஞ்சினால் துகள்கள் எல்லாமே நேர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கும், கலங்கல் அப்படியே தங்கிவிடும். பாலிமர் செவுள்களின் வழவழப்பிலும் ஒட்டும். படிகாரம் சேர்ந்த திரவமாக இருந்தால் இன்னொரு செலவு உண்டு: 1 மில்லிகிராம் படிகாரம் சுமார் அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். கே.எச். (காரத்தன்மையின் அளவு) குறைந்த தொட்டியில் பி.எச். (அமில-கார அளவு) சட்டென்று சரியும்.

இரண்டு வருகையிலும் அம்மோனியா சோதிக்கப்படவில்லை. பிறகு திரவச் சோதனைக் கிட்டில் பார்த்தபோது லிட்டருக்கு 2 மில்லிகிராம், பி.எச். 8. இதே அம்மோனியா பி.எச். 7-இல் இருந்தால், 25 டிகிரியில் நச்சு வடிவில் இருப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8-இல் அது நூற்றுக்கு ஐந்துக்கு மேல். 2 மில்லிகிராமில் 0.1 நச்சு என்பது செவுளைப் புண்ணாக்கப் போதும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது இதனால். மிதக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைக் குடித்துக்கொண்டிருந்தது இன்னொரு காரணம்.

இந்த நிலையில் மாட்டிக்கொண்ட தொட்டியை மீட்க மறுபடி கழுவக் கூடாது. முதலில் காற்று: இரண்டு ஏர் ஸ்டோன், அல்லது ஃபில்டர் வெளியேற்றுக் குழாயை நீர்மட்டத்துக்கு உயர்த்தி மேற்பரப்பைக் கலக்குவது. வளர்ந்த மீனுக்கு மூன்று நாள் தீனி இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, நிறுத்துங்கள். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் அளந்து பாருங்கள். அம்மோனியா 0.5-க்கு மேல் போனால் 30 சதவீதம், 1-க்கு மேல் போனால் பாதித் தண்ணீர் மாற்றம். கணக்கு நேரடியானது: 2 இருக்கும் தொட்டியில் பாதியை மாற்றினால் 1. புதுத் தண்ணீரின் வெப்பநிலை 1 அல்லது 2 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது.

புதுத் தண்ணீரில் குளோரின் போக சோடியம் தயோசல்ஃபேட் படிகம், குளோரினின் எடையைப் போல ஏழு மடங்குக்குச் சற்று மேல். 250 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் மொத்தம் அரை கிராம் குளோரின், ஆக 4 கிராம் படிகம் போதும். உங்கள் குழாயில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) வருகிறதென்றால் தயோசல்ஃபேட் அதை உடைத்து அம்மோனியாவை வெளியே விடும். அப்போது அம்மோனியாவையும் பிடித்துக்கொள்ளும் கண்டிஷனர் (தண்ணீரைப் பதப்படுத்தும் திரவம்) வேண்டும். குளோரின் ஒரு நாள் காற்றூட்டினால் பறந்துவிடும், குளோரமின் அப்படிப் போகாது.

மருந்தின் மிச்சத்தை எடுக்க ஆக்டிவேட்டட் கார்பனை ஒரு வாரம் வைத்து எடுத்துவிடுங்கள். நன்னீரில் கார்பன் அம்மோனியாவை எடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெல்லிய பஞ்சை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றலாம், ரிங்கைத் தொடாதீர்கள். நோயில்லாத வேறொரு பழைய தொட்டியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்து, அதை ஈரம் காயாமல் கொண்டுவந்து கேனிஸ்டரில் வைத்தால் எந்தப் பாட்டிலும் அதற்கு ஈடில்லை. அது கிடைக்காவிட்டால் நாலிலிருந்து ஆறு வாரம் பொறுமை. இடையில் நைட்ரைட் ஏறும். 10 லிட்டருக்கு 1 கிராம் சாதா உப்பு, அதாவது 500 லிட்டருக்கு 50 கிராம், நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். யு.வி. விளக்கு வைத்தால் பால் நிறம் வேகமாகப் போகும், ஆனால் அம்மோனியா அப்படியே இருக்கும். தெளிந்துவிட்டதே என்று அளப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

ஆளைக் கூப்பிடும் முன் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்துப் பாருங்கள். பச்சை தட்டினால் மிதக்கும் பாசி: வெளிச்சத்தை மூன்று நாலு நாள் முழுதாக மறைப்பதும் யு.வி.யும் அதற்கு வேலை செய்யும், எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் திரும்பிவரும். தேநீர் நிறமாக, ஆனால் தெளிவாக இருந்தால் கட்டையிலிருந்து இறங்கும் டானின், மீனுக்குக் கெடுதல் இல்லை, கார்பன் எடுத்துவிடும். நிறமில்லாமல் வெண்மையாக இருந்தால் கண்ணாடி டம்ளரில் ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் படிந்தால் கழுவாத மணலின் தூசி, பஞ்சு போதும். படியாமல் அப்படியே நின்றால் பாக்டீரியா.

அப்படியும் ஆள் தேவைப்பட்டால், ஸ்பாஞ்சையும் ரிங்கையும் எதில் அலசுவீர்கள் என்று கேளுங்கள். தொட்டியிலிருந்தே எடுத்த தண்ணீர் வாளியில், லேசாக, ஒரு முறைக்கு ஒரு பகுதி மட்டும் என்பதுதான் சரியான பதில். கூழாங்கல்லை அள்ளவே வேண்டியதில்லை, சைபன் குழாயால் ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தை உறிஞ்சினால் போதும். வேலை நடக்கும் நேரம் முழுவதும் ரிங்குகள் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். பல மணி நேரம் நிறுத்திய கேனிஸ்டரை அப்படியே போட்டால் உள்ளே அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் பாயும். முதலில் அதைத் திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் இயக்க வேண்டும். பழைய ரிங்கை வெளியே எடுத்துப்போக விடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பாதியை மட்டும் மாற்றி, மீதிக்கு ஆறு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். பணத்தில் ஒரு பகுதியை ஏழாம் நாள் அம்மோனியா அளவைப் பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாயங்காலப் போட்டோவை அதற்குக் கணக்கில் எடுக்காதீர்கள்.