லிக்விட் டிடர்ஜென்ட் கிட் வாங்கப் போறீங்களா? 14,800 ரூபாய்க்கு எனக்குப் போட்ட நாமத்தைப் படிச்சுட்டுப் போங்க

வலது கை விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்கு, இடது கையாலதான் தட்டுறேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

கடை பேரை எழுதல. டெல்டாவுல ஒரு டவுன்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருக்கிற கெமிக்கல் கடை. ‘சுயதொழில் கிட்’டுன்னு மூலப்பொருளை மொத்தமா கட்டித் தர்றாங்க. 200 லிட்டருக்கான கிட்: ஆசிட் ஸ்லரி (அழுக்கு எடுக்கிற மூலச் சரக்கு, அமிலம்) 20 கிலோ கேன், எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட் (நுரைக்கு) 8 கிலோ, 600 கிராம் காஸ்டிக் சோடா (அந்த அமிலத்தை முறிக்கிற காரம்) பாக்கெட் நாலு, உப்பு, கலர், சென்ட், டினோபால் (வெள்ளைத் துணி பளிச்சுன்னு தெரிய), காலி பாட்டில் 200. எல்லாம் சேர்த்து 14,800 ரூபாய்.

எங்க ஏமாந்தேன்னு சொல்றேன். கல்லாவுக்குப் பின்னாடி இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். கண்ணாடித் தட்டுல ஸ்லரியைச் சாய்ச்சார். அதிரசப் பாகு பதம் மாதிரி, கரும்பழுப்பா, கம்பி அறுபடாம இறங்குச்சு. “90 பர்சன்ட் சரக்குண்ணே, பாருங்க”ன்னார். பார்த்தேன், அசல்தான். கேனைத் திறந்து காட்டச் சொன்னேன். “சீலை உடைச்சா காத்து ஈரத்தை இழுத்துடும்ணே, வீட்டுல போய்த் திறங்க”ன்னு காபி வாங்கிக் கொடுத்தார். ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டுறது காஸ்டிக் செதில். ஸ்லரி கேனை ரெண்டு நிமிஷம் திறந்து வச்சா ஒண்ணும் ஆகாது. அது தெரிஞ்சும் தலையை ஆட்டிட்டு வந்தேன் பாருங்க, அங்கதான் 14,800 போச்சு.

முதல்ல 50 லிட்டர் போட்டேன். 5 கிலோ ஸ்லரியை 30 லிட்டர் தண்ணில கரைச்சு, 600 கிராம் காஸ்டிக்கைத் தனியா 5 லிட்டர்ல கரைச்சு ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்கினேன். அப்புறம் பேஸ்ட், மீதித் தண்ணி, மறுநாள் உப்பு. முறையில தப்பு இல்ல. ஆனா கெட்டியாகல. கை எரிஞ்சுது. ஊறப்போட்ட கைலி சாயம் விட்டுது. அமிலமா காரமான்னு காட்டுற பிஎச் பேப்பர் (7 நடுநிலை, மேல போனா காரம்) கருநீலத்துக்குப் போச்சு, 13 கிட்ட. நல்ல லிக்விட் 7, 8-ல நிக்கணும்.

கேனைச் சோதிச்சப்பதான் குட்டு வெளிப்பட்டுது. 10 கிராம் ஸ்லரியை 100 மில்லி தண்ணில கரைச்சு, ரெண்டு சொட்டு பினாப்தலின் (காரம் மிஞ்சினா சிவக்கிற திரவம்) விட்டு, 100 மில்லிக்கு 10 கிராம் காஸ்டிக் போட்ட கரைசலைச் சொட்டுச் சொட்டா விடணும். 90 பர்சன்ட் சரக்குன்னா சுமார் 12 மில்லி குடிச்ச பிறகுதான் இளஞ்சிவப்பு நிக்கும். என் கேன் ஸ்லரி ஆறரை மில்லியிலேயே சிவந்துடுச்சு. கிட்டத்தட்ட பாதி தண்ணி! பாக்கெட்ல காஸ்டிக் மட்டும் முழுச் சரக்குக்கான அளவு. அதனால 50 லிட்டர்ல 275 கிராம் காஸ்டிக் சும்மா மிதக்குது. என் கை வெந்தது அதுலதான். காஸ்டிக்கை அவங்களே அளந்து பொட்டலம் கட்டித் தர்றதால யாரும் பிஎச் பார்க்கிறதில்ல, சூட்சுமம் அதான்.

இதைச் சொல்லி போன் போட்டேன். முதல் தடவை, “உங்க ஊர் போர் தண்ணி உப்பு, அதான்.” சரின்னு ஆர்.ஓ. தண்ணில கால் லிட்டர் போட்டுப் பார்த்தேன், அதே 13. ரெண்டாவது தடவை, “இன்னும் ஒரு கிலோ உப்பு போடுங்க, கெட்டியாகிடும்.” உப்பு ஒரு அளவு வரைக்கும்தான் கெட்டிப்படுத்தும், தாண்டினா திரும்ப நீர்த்து, பால் மாதிரி கலங்கி ரெண்டா பிரிஞ்சுடும். அப்படியேதான் ஆச்சு. மூணாவது தடவை, “ஓனர் வெளியூர்.” நேர்ல போனேன். “பில்லைப் பாருங்கண்ணே”ன்னு சிரிக்கிறான். பில்லுல ‘சோப்பு ஆயில் 20 கிலோ’ன்னு மட்டும் இருக்கு. பர்சன்ட் இல்ல, பேட்ச் நம்பர் இல்ல. 14,800 ரூபாய்க்கு ‘சோப்பு ஆயில்’!

இதுக்காக வீட்டுல செய்றதே வீண்னு சொல்லமாட்டேன். சரக்கு சரியா இருந்தா தினப்படி துணிக்கு நல்லாவே வரும், கடை விலையை விட மிச்சம்தான். ஆனா கடை பவுடர்ல அழுக்கு திரும்பத் துணியில ஒட்டாம இருக்க சி.எம்.சி., உப்புத் தண்ணியோட கடினத்தன்மையைச் சமாளிக்க சோடா, நல்ல ரகத்துல ரத்தம், முட்டைக் கறைக்கு என்சைம் எல்லாம் இருக்கும். நம்ம கிட்ல அதெல்லாம் கிடையாது. வேதாரண்யம், நாகை பக்கம் உப்புத் தண்ணில துவைக்கிறவங்க இதை யோசிங்க. சோப்பைத் துருவிச் சோடா சேர்க்கிற வீடியோ முறை இன்னும் மோசம். கடினத் தண்ணில சோப்பு திரிஞ்சு வெள்ளை வேட்டி சாம்பல் பூத்துடும். பூந்திக்கொட்டை நுரைக்கும், பட்டுக்கு நல்லது, நடவு வயல் சேத்துக்கு ஆகாது.

எல்லா விவரமும் வரிசையா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். கை எரியுது, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன்.

கேனைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்க, மாட்டேன்னா கிளம்பிடுங்க. பில்லுல பர்சன்ட் எழுதி வாங்குங்க. காஸ்டிக்கைப் பாக்கெட்டோட கொட்டாதீங்க, பிஎச் பார்த்துப் பார்த்து ஊத்துங்க. பேப்பர் இல்லையா, மஞ்சள் தூளைத் தண்ணில குழைச்சு வெள்ளைத் துணியில தடவி ஒரு சொட்டு விடுங்க. குங்குமமாச் சிவந்தா காரம் மிச்சம் இருக்கு. அந்த லிக்விட்ல திருபுவனம் பட்டுச் சேலையை நனைச்சீங்கன்னா பட்டு அரிச்சுடும். அலுமினியப் பாத்திரத்துல காஸ்டிக் கரைக்காதீங்க. கெட்டியா இருக்குன்னு தரத்தை நம்பாதீங்க, அது உப்போட வேலை. கெட்டுப்போன பேட்சை வாய்க்கால்ல கொட்டாதீங்க, மீன் செத்து மிதக்கும். என் 50 லிட்டருக்கு அரை கிலோ சிட்ரிக் ஆசிட் போட்டு பிஎச்சை இறக்கி வச்சிருக்கேன், தரை கழுவத்தான் ஆகும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன். “வியாபாரத்துக்கு வாங்கினா நுகர்வோர் இல்ல”ன்னு கடைக்காரன் சட்டம் பேசுறான். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கினா நுகர்வோர்தான்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயே விளக்கம் இருக்கு. கடை போர்டுலயே ‘சுயதொழில் கிட்’னு எழுதி வச்சிருக்கான், அதை போட்டோ எடுத்து வச்சுட்டேன். 14,800 ரூபாய், இன்னும் ஒரு பைசா திரும்பி வரல.