கன்றுத் தீவனத்துக்கு எந்தத் தானியம்? மக்காச்சோளம், சோளம், கம்பு, குருணை

பால்குடிக் கன்றுக்குத் தானியம் வைப்பது முதலில் பெருவயிற்றை (மாட்டின் நான்கறை வயிற்றில் தீனி நொதிக்கும் முதல் அறை) வளர்க்கத்தான். சதை பிறகு வரும். மாவுச்சத்து அங்கே நொதித்து உண்டாகும் பியூட்டிரிக் அமிலமே உள்சுவரில் சத்தை உறிஞ்சும் சிறு முளைகளை வளர்க்கிறது. வைக்கோல் வயிற்றைப் பெரிதாக்கும். முளைகளை அந்த அளவுக்கு வளர்க்காது. மாவுச்சத்து எல்லாத் தானியத்திலும் உண்டு. எவ்வளவு வேகமாக நொதிக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

மக்காச்சோளத்துக்கே எங்கள் முதல் ஓட்டு. உலர் எடையில் ஏறக்குறைய 70% மாவுச்சத்து. ஒரு மணியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: நடுவில் வெள்ளை மாவு, சுற்றிலும் கண்ணாடிபோல் கெட்டியான மஞ்சள். அந்த மஞ்சள் பகுதியில் புரதம் மாவுத்துகள்களை இறுக்கிப் பிடித்திருப்பதால் நொதிப்பு நிதானமாக நடக்கும். ஒரு மணி நான்கைந்து துண்டாக உடைந்தால் போதும். நைசாக அரைத்தால் அமிலம் சட்டென ஏறும், மாவு முளைகளுக்கிடையே அப்பிக்கொள்ளும், ஈர மூக்கில் ஒட்டுவதால் கன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சரியாகக் காயாத மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு வரும். பூசண வாடை அடித்தால் கன்றுக்கு வேண்டவே வேண்டாம்.

சோளத்தில் மாவுச்சத்து கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் புரதப் பிடிப்பு இன்னும் இறுக்கம். மணியும் சிறியது என்பதால் இதை மக்காச்சோளத்தைவிடப் பொடியாக நொறுக்க வேண்டும். ஒரு கைப்பிடிச் சாணத்தைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினால் உண்மை தெரிந்துவிடும்: முழு மணிகள் தங்கினால் தீவனக் காசு எருக்குழிக்குப் போகிறது. அடர்பழுப்பு ரகங்கள் சிலவற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருந்து செரிமானத்தைக் கெடுக்கும். வெள்ளைச் சோளமே நல்லது.

கம்பில் புரதம் 11–12%, கொழுப்பு 5% அளவில். நல்ல தானியம்தான். அரைத்து வைத்தால் சில நாளிலேயே சிக்கு வாடை வந்துவிடும், அதனால் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

பச்சரிசிக் குருணையைக் கலவையில் 10–15% வரை சேர்க்கலாம். ஆபத்து சோற்றில் இருக்கிறது. வெந்த மாவுச்சத்து மளமளவென நொதித்து லாக்டிக் அமிலமாகி, பெருவயிற்றின் அமிலகாரநிலை (pH) 5.5-க்குக் கீழே இறங்கிவிடும். விருந்து மிச்சம், பொங்கல் எதையும் கன்றுக்கு வைக்காதீர்கள். புளித்த வாடையுடன் நுரைத்த சாணம், தீனி எடுக்காமை, வயிற்றை அசைத்தால் தண்ணீர் தளும்பும் சத்தம் என்று தெரிந்தால் தானியத்தை நிறுத்திவிட்டு அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கோதுமையும் வேகமாக நொதிக்கும் இனம்தான், கொஞ்சமாகவே சேருங்கள்.

பாலில் கஞ்சி கலந்து ஊட்டுவது வேறொரு தப்பு. கன்று குடிக்கும் பால் பெருவயிற்றைத் தாண்டி நேரே நான்காம் வயிற்றுக்குப் போகிறது. முதல் மூன்று வாரம் மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய நொதி மிகக் குறைவு. செரிக்காத கஞ்சி பெருங்குடலில் நொதித்துக் கழிச்சலாக வெளியேறும்.

100 கிலோ கலவைக்கு: உடைத்த மக்காச்சோளம் 45, கடலைப் புண்ணாக்கு 28, கோதுமைத் தவிடு 24, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. புரதம் 19% அளவில் நிற்கும். மக்காச்சோளத்தில் பாதியைக் கம்பாகவோ வெள்ளைச் சோளமாகவோ மாற்றலாம்; ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக. பிறந்த இரண்டாம் வாரம் நாளுக்கு 50 கிராமில் தொடங்கி, மிச்சத்தைத் தினமும் அள்ளிவிட்டுப் புதிதாக வையுங்கள். பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கட்டும். பெருவயிற்றில் நொதிப்புக்கு வேண்டிய நீர் அதிலிருந்துதான் கிடைக்கிறது, பாலிலிருந்து அல்ல. கலப்பினக் கன்று தொடர்ந்து மூன்று நாள் தினமும் ஒரு கிலோ தின்ற பிறகு பாலை நிறுத்தலாம்.