டானி ஹாத்வே: பல வருடம் கேட்டபின் எழுதும் பயன்பாட்டுக் குறிப்பு

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையைப் பாடிய டானி ஹாத்வே உயிரோடு இருந்தபோது அவர் பெயரில் வந்த தனி ஸ்டுடியோ ஆல்பங்கள் மூன்றே மூன்று. ‘எவ்ரிதிங் இஸ் எவ்ரிதிங்’ 1970இல், அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட இரண்டாவது ஆல்பம் 1971இல், ‘எக்ஸ்டென்ஷன் ஆஃப் எ மேன்’ 1973இல் வந்தன. நடுவே 1972இல் ஒரு கச்சேரிப் பதிவு, பாடகி ரோபர்ட்டா ஃப்ளாக்குடன் சேர்ந்து பாடிய ஆல்பம், ‘கம் பேக் சார்ல்ஸ்டன் ப்ளூ’ படத்துக்கான இசை. விடுமுறை நாள் ஒன்றில் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடலாம். சிக்கலே அதுதான். அதோடு நிறுத்திக்கொண்டால் அவர் செய்த வேலையில் பெரும்பகுதி காதில் விழாமலே போய்விடும். பாடகராகப் பெயர் வாங்கும் முன்பே அவர் அரேஞ்சர் (பாட்டில் எந்தக் கருவி எங்கே எதை வாசிக்க வேண்டும் என்று வகுப்பவர்), கீபோர்டு கலைஞர், தயாரிப்பாளர். அந்த வேலையெல்லாம் பிறருடைய ஆல்பங்களின் பின்னட்டையில் பொடி எழுத்தில் கிடக்கிறது.

முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்டால் யோசிக்காமல் 1972இன் ‘லைவ்’ என்று சொல்லலாம். திரும்பத் திரும்பக் கேட்டும் தேயாத ஆல்பம் அது. இசைத்தட்டின் முதல் பக்கம் ஹாலிவுட்டின் ட்ரூபடூர் கிளப்பில் பதிவானது. இரண்டாம் பக்கம் நியூயார்க்கின் பிட்டர் எண்ட் கிளப்பில். இரண்டுமே 1971ஆம் வருடத்து நிகழ்ச்சிகள். பேஸ் கிட்டார் வில்லி வீக்ஸ், காங்கா என்ற கைமேளம் எர்ல் டெரூவன், டிரம்ஸ் ஃப்ரெட் வைட். பின்னாளில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவில் வாசித்த அதே ஃப்ரெட் வைட்தான். அப்போது அவருக்கு வயது 16. இரண்டு பக்கத்திலும் மைக் ஹோவர்ட் கிட்டார் வாசிக்கிறார். முன்னணிக் கிட்டார் மட்டும் மாறுகிறது: ட்ரூபடூரில் ஃபில் அப்சர்ச், பிட்டர் எண்டில் கார்னெல் டுப்ரீ. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எளிதாகப் பிடிபடும்.

‘தி கெட்டோ’ பாட்டை முதலில் 1970 ஸ்டுடியோ வடிவத்தில் கேட்டுவிட்டு, பிறகு ‘லைவ்’ ஆல்பத்தின் 12 நிமிட வடிவத்துக்குப் போக வேண்டும். லீராய் ஹட்சனோடு சேர்ந்து எழுதிய பாட்டு இது. சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் (கார்டு) சிறிய ஒரு சுற்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் ஹாத்வே எலெக்ட்ரிக் பியானோவில் தனி வாசிக்கிறார். ஸ்டுடியோவில் நேர்த்தியாக அடங்கி ஒலித்தது, கிளப்பில் கூட்டத்தின் கைதட்டலும் குரலும் சேர்ந்துகொள்ள, கூடிப் பாடும் பாட்டாகவே மாறிவிடுகிறது. ஸ்டுடியோ வடிவத்தில் நடுவே கேட்கும் குழந்தையின் அழுகை அவர் மகள் லாலாவுடையது. அவரும் பின்னாளில் பாடகி ஆனார். அதே ட்ரூபடூரில் தன் நேரடி ஆல்பத்தைப் பதிவுசெய்து, அதில் அப்பாவின் ‘லிட்டில் கெட்டோ பாய்’ பாட்டுக்காக கிராமி விருதும் வாங்கினார்.

ஹாத்வே ‘லைவ்’ பதிவில் வாசிக்கும் கருவி வுர்லிட்ஸர் எலெக்ட்ரிக் பியானோ. உள்ளே சின்னச் சுத்தியல் மெல்லிய எஃகு நாக்கைத் தட்டும். மெதுவாகத் தொட்டால் மணிபோல மெத்தென்று ஒலிக்கும். அழுத்தி அடித்தால் கரகரவென்று குரைக்கும். ஒரே கருவியில் இவ்வளவு தூரம் ஏறி இறங்க முடிவதால்தான் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டில் அவர் கை எங்கே அழுத்துகிறது, எங்கே விடுகிறது என்பது துல்லியமாகத் தெரிகிறது. பாடகர் மார்வின் கேயின் பாட்டு அது. கச்சேரி நடந்த 1971இல்தான் வெளியாகியிருந்தது. ‘யூவ் காட் எ ஃபிரெண்ட்’ இன்னும் சூடான சரக்கு. கரோல் கிங் எழுதி, ஜேம்ஸ் டெய்லர் குரலில் 1971 கோடையில் அமெரிக்காவில் முதலிடம் தொட்ட பாட்டு. கூட்டத்துக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம் என்பதால் முதல் சில சுரங்களிலேயே கத்துகிறார்கள். பல்லவியை ஹாத்வே அவர்களிடமே விட்டுவிடுகிறார்.

கடைசிப் பாட்டு ‘வாய்ஸஸ் இன்சைட்’ 13 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஒவ்வொரு கலைஞரையும் பெயர் சொல்லி முன்னுக்கு அழைக்கிறார். பிற்பாதியில் வில்லி வீக்ஸின் பேஸ் தனி வரும். பேஸ் பழகும் மாணவர்கள் இன்றும் சுரம் சுரமாகப் படியெடுத்துப் பயிலும் பகுதி இது. வேகத்தைக் காட்டும் தனி அல்ல. ஒரு சிறு துணுக்கை எடுத்து, இடைவெளி விட்டு, அதையே கொஞ்சம் மாற்றித் திரும்பச் சொல்லி, படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகிறார்.

வினைல் இசைத்தட்டில் தொந்தரவு வருவது இங்கேதான். ‘லைவ்’ ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 26 நிமிடம். ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் இருந்தால்தான் ஒலி பதியும் பள்ளங்களைத் தாராளமாக வெட்ட முடியும். நிமிடம் கூடினால் ஒலியளவைக் குறைத்து நெருக்கமாக வெட்டுவார்கள். பேஸ் ஒலிக்குத்தான் அதிக அகலம் தேவை என்பதால் முதலில் அடிபடுவது அதுதான். இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும்போது வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் நொடிக்கு சுமார் 50 செ.மீ.; தட்டின் நடுவிலுள்ள லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதிந்திருக்கும். வீக்ஸின் தனி சரியாக அந்த உள்வட்டத்தில் வந்து விழுகிறது. தேய்ந்த ஊசியோ சரியாகப் பொருத்தாத காட்ரிட்ஜோ (ஊசியைத் தாங்கும் பகுதி) இருந்தால் அந்த இடத்தில் ‘ஸ்’ ஒலிகள் சிதறும், பேஸ் மழுங்கும். பழைய அமெரிக்கப் பிரதி வாங்குவோர் முதல் பாட்டை மட்டும் ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது. இரண்டாம் பக்கத்தின் கடைசி மூன்று நிமிடத்தை ஓட்டிக் கேட்டுவிட்டு விலை பேச வேண்டும். இந்த ஒரு ஆல்பத்துக்கு மட்டும் சிடியே மேல் என்பது என் தீர்மானம்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் மூன்று விஷயத்தைக் கவனித்தால் போதும். பாட்டுக்குப் பாட்டு ஒலியைக் கலக்கும் கிராஸ்ஃபேடை 0 ஆக்க வேண்டும். இல்லையென்றால் கைதட்டல்மேல் கைதட்டல் ஏறி, ஒரே அறையில் இருக்கும் உணர்வு போய்விடும். இடைவெளியின்றி ஓட்டும் கேப்லெஸ் வசதி இயங்க வேண்டும். ஒலியளவைச் சமப்படுத்தும் அமைப்பைப் பாட்டு வாரியாக அல்லாமல் ஆல்பம் வாரியாக வைக்க வேண்டும், அல்லது நிறுத்திவிட வேண்டும். மெதுவான பாட்டைத் தூக்கியும் உரத்த பாட்டை அமுக்கியும் அது தரும்போது அவர் திட்டமிட்ட ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடுகிறது. போன் ஸ்பீக்கர் எதற்கும் ஆகாது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ‘இ’ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. சாதாரணக் கம்பி ஹெட்ஃபோன்கூடப் பல மடங்கு நியாயம் செய்யும்.

அடுத்தது ‘எக்ஸ்டென்ஷன் ஆஃப் எ மேன்’. இதைச் சோல் ஆல்பம் என்று எதிர்பார்த்து வாங்கியவர்கள் முதல் பாட்டிலேயே தடுமாறுவார்கள். ‘ஐ லவ் தி லார்ட், ஹி ஹெர்ட் மை க்ரை’ முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு அவர் எழுதியது, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அதன் முடிவிலிருந்து ‘சம்டே வீல் ஆல் பி ஃப்ரீ’ தொடங்கும்போதுதான் அந்தப் பாட்டின் அமைதிக்கு அர்த்தம் வருகிறது. எட்வர்ட் ஹோவர்ட் எழுதிய வரிகள். ஹாத்வே கடுமையான மனநோயோடு போராடிக்கொண்டிருந்த காலத்துப் பாட்டு என்பதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. தெரியாமல் கேட்டாலும் பாட்டு தன் காலில் நிற்கும். 1992இல் ‘மால்கம் எக்ஸ்’ படத்தின் இறுதியில் வருவது பாடகி அரேத்தா ஃப்ராங்க்ளின் பாடிய வடிவம்.

இதே ஆல்பத்தில் ‘ஐ லவ் யூ மோர் தேன் யூல் எவர் நோ’ இருக்கிறது. அல் கூப்பர், ப்ளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ் குழுவின் 1968 முதல் ஆல்பத்துக்காக எழுதிய பாட்டு. பிறர் பாட்டை எடுத்துத் தன்னுடையதாக்குவது என்றால் என்ன என்று யாருக்காவது காட்ட வேண்டுமானால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம். ‘வால்டெஸ் இன் தி கன்ட்ரி’ குரலில்லாத துள்ளல் இசை. ‘தி ஸ்லம்ஸ்’ சிலமுறை கேட்டபின் சலித்துவிடுகிறது. ‘மேக்டலீனா’வும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கிறது.

1971 ஆல்பம் முழுக்கவே குரலுக்காகக் கேட்க வேண்டியது. ஏறக்குறைய எல்லாமே பிறர் எழுதிய பாடல்கள். லியான் ரஸல் எழுதிய ‘எ சாங் ஃபார் யூ’, வான் மெக்காய் எழுதிய ‘கிவிங் அப்’ இரண்டுக்காகவே வாங்கலாம். ‘கிவிங் அப்’ பாட்டின் சாக்ஸபோன் தனி கிங் கர்ட்டிஸ். ஹாத்வேயை அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். ‘மேக்னிஃபிசென்ட் சாங்க்சுவரி பேண்ட்’ போன்றவை இன்று கொஞ்சம் வயதாகித் தெரிகின்றன.

ஃப்ளாக்குடன் பாடியவற்றில்தான் வாங்குவோர் அதிகம் ஏமாறுகிறார்கள். முழு ஜோடி ஆல்பம் 1972இல் வந்த ஒன்றுதான். ‘வேர் இஸ் தி லவ்’ அதில்தான் இருக்கிறது. மூன்று நிமிடம்கூட இல்லாத அந்தப் பாட்டு கிராமி வாங்கியது. ஆனால் நீண்டகாலம் நிலைப்பவை ‘பி ரியல் ப்ளாக் ஃபார் மி’யும் பழைய தேவாலயப் பாடலான ‘கம் யீ டிஸ்கான்சலேட்’டும்தான். ‘ஃபார் ஆல் வீ நோ’ பாட்டில் ஃப்ளாக் பாடுவதில்லை. ஹாத்வே மட்டும் பாடுகிறார். ‘யூவ் லாஸ்ட் தட் லவிங் ஃபீலிங்’ இழுத்து இழுத்துப் போகிறது. ‘தி க்ளோஸர் ஐ கெட் டு யூ’ வேண்டுமென்றால் ஃப்ளாக்கின் ‘ப்ளூ லைட்ஸ் இன் தி பேஸ்மென்ட்’ ஆல்பத்துக்குப் போக வேண்டும். அதில் ஹாத்வே அந்த ஒரு பாட்டில் மட்டும்தான். 1980இல் வந்த ‘ரோபர்ட்டா ஃப்ளாக் ஃபீச்சரிங் டானி ஹாத்வே’ என்ற அட்டையைப் பார்த்து முழு ஜோடி ஆல்பம் என்று எண்ணிவிட வேண்டாம். அதன் பதிவு வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1979 ஜனவரி 13 அன்று, 33 வயதில் அவர் இறந்துபோனார். சேர்ந்து பாடி முடித்திருந்தது ‘பேக் டுகெதர் அகெய்ன்’, ‘யூ ஆர் மை ஹெவன்’ இரண்டை மட்டுமே.

இனி பின்னட்டைக்கு வருவோம். ஃப்ளாக்கும் ஹாத்வேயும் லீராய் ஹட்சனும் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். பட்டம் முடிக்காமலே கிளம்பிய ஹாத்வே, சிகாகோவில் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டின் கர்ட்டம் இசைத்தட்டு நிறுவனத்தில் அரேஞ்சராக வேலை பார்த்தார். இம்ப்ரெஷன்ஸ் குழுவின் 1969 ஆல்பமான ‘தி யங் மாட்ஸ் ஃபர்காட்டன் ஸ்டோரி’யில் ஜானி பேட்டோடு அரேஞ்ச்மென்ட் இவருடையது. அதே வருடம் ஃப்ளாக்கின் முதல் ஆல்பமான ‘ஃபர்ஸ்ட் டேக்’கில் வந்த ‘ட்ரையிங் டைம்ஸ்’ ஹாத்வேயும் ஹட்சனும் எழுதியது. அங்கே ரான் கார்ட்டரின் பேஸ் நடத்திச் செல்கிறது. அடுத்த வருடம் ஹாத்வே தானே பாடிய வடிவம் கனமாக, மண்ணில் ஊன்றி நடக்கிறது.

அரேத்தா ஃப்ராங்க்ளினின் 1972 ஆல்பம் ‘யங், கிஃப்டட் அண்ட் ப்ளாக்’ இந்த வரிசையில் முதன்மையானது. ‘ராக் ஸ்டெடி’யில் ஆர்கன், ‘டே ட்ரீமிங்’கில் எலெக்ட்ரிக் பியானோ இவர். சக் ரெய்னியின் பேஸும் பெர்னார்ட் பர்டியின் டிரம்ஸும் ‘ராக் ஸ்டெடி’யில் இடமே விடாமல் நிரப்புகின்றன. அதற்குள் ஆர்கன் எப்போது வாயைத் திறக்கிறது, எப்போது மூடிக்கொள்கிறது என்று மட்டும் ஒருமுறை தொடர்ந்து கேளுங்கள். பக்கவாத்தியக்காரர் எவ்வளவு குறைவாக வாசித்து எவ்வளவு செய்யலாம் என்பது அதில் இருக்கிறது. கோல்ட் ப்ளட் குழுவின் ‘ஃபர்ஸ்ட் டேஸ்ட் ஆஃப் சின்’ (1972) ஆல்பத்தைத் தயாரித்தவரும் ஹாத்வேதான். ‘வால்டெஸ் இன் தி கன்ட்ரி’ அவருடைய சொந்த ஆல்பத்துக்கு ஒரு வருடம் முன்பே அங்கே வந்துவிட்டது.

எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் முதலில் இடம்பெறாத பாட்டு ‘திஸ் கிறிஸ்மஸ்’. 1970இல் தனிப் பாட்டுத் தட்டாக (சிங்கிள்) வந்தது. நடீன் மெக்கின்னருடன் சேர்ந்து எழுதியது. இன்று அமெரிக்காவில் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒலிக்கிறது.

இறந்தபின் வந்த தொகுப்புகளில் கவனம் தேவை. 1980இன் ‘இன் பெர்ஃபார்மன்ஸ்’ தனி நேரடி ஆல்பம். ‘எ சாங் ஃபார் யூ’ மேடையில் எப்படி ஒலித்தது என்று அதில் கேட்கலாம். 2004இன் ‘தீஸ் சாங்ஸ் ஃபார் யூ, லைவ்’ அந்த இரண்டு நேரடி ஆல்பங்களின் சரக்கையும், முன்பு வெளிவராத சிலவற்றையும் வேறு வரிசையில் அடுக்கியது. ‘லைவ்’ ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு அதில் புதியவை கொஞ்சம்தான். 2013இல் ரைனோ நிறுவனம் வெளியிட்ட ‘நெவர் மை லவ்: தி ஆந்தாலஜி’ நான்கு தட்டுகள்: பிரபலமானவை, வெளிவராத ஸ்டுடியோ பதிவுகள், பிட்டர் எண்டில் 1971இல் பதிவாகி வெளிவராமல் இருந்தவை, ஃப்ளாக்குடன் பாடியவை. முதல் தட்டும் நான்காவதும் பழைய ஆல்பங்கள் வைத்திருப்பவருக்குத் தேவையில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்தான் விலை. இரண்டாவதில் ‘சிக்ஸிஜி கான்செர்ட்டோ’ என்று 20 நிமிட ஆர்கெஸ்ட்ரா படைப்பு ஒன்று இருக்கிறது. அதை நேராகப் போட்டால் எங்கே போகிறது என்றே புரியாது. ‘எக்ஸ்டென்ஷன் ஆஃப் எ மேன்’ ஆல்பத்தின் முதல் பாட்டைப் பத்து முறையாவது கேட்டுப் பழகியபின் போடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் முளைவிட்டதுதான் இங்கே 20 நிமிடமாக விரிந்திருக்கிறது.