"எந்த நிலையிலும் செல்லும்" என்று சொல்லி விற்கப்பட்ட பவர் பத்திரம்

முதியோர் பராமரிப்புக்குச் சட்டத் திட்டமிடல் செய்து தருகிறோம் என்று சென்னையில் யாராவது உங்கள் பெற்றோரிடம், அவர் சார்பில் பிள்ளைகள் செயல்பட அனுமதிக்கும் பொது அதிகாரப் பத்திரத்தை (பவர்) நீட்டினால், கையெழுத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

தியாகராய நகரில் இயங்கும் ஓர் ஆலோசனை நிறுவனம் எங்களிடம் 60,000 ரூபாய் வாங்கியது. அப்பாவுக்கு அப்போது மறதி தொடங்கியிருந்தது. பெயர்கள் தடுமாறும், வரவு செலவுக் கணக்கு தடுமாறாது. "நாளை அவருக்கு நினைவே இல்லாமல் போனால் இந்தப் பத்திரம் செல்லுமா?" என்று நேராகவே கேட்டேன். "அதற்காகத்தானே மேடம் இது" என்றார் அங்கிருந்த மேலாளர். அவர்களுடைய கையேட்டிலும் 'எந்த நிலையிலும் செல்லும்' என்றே அச்சிட்டிருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் முறையாகப் பதிவானது.

நோய் முற்றியது. இரவும் பகலும் ஹோம் நர்ஸ் தேவைப்பட்டது. அந்தச் செலவுக்காக அப்பாவின் வைப்புத்தொகையை முறிக்க மயிலாப்பூர் வங்கிக் கிளைக்குப் போனேன். அவசரம் புரியட்டும் என்று மருத்துவரின் கடிதத்தையும் இணைத்திருந்தேன். டிமென்ஷியாவால் தம் காரியங்களைத் தாமே நிர்வகிக்க இயலாதவர் என்று அதில் இருந்தது. கிளை மேலாளர் அதைப் படித்துவிட்டு, "இந்தக் கடிதத்தோடு உங்கள் பவர் முடிந்துவிட்டதம்மா" என்றார்.

அவர் சொன்னதுதான் சட்டம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 201-இன்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் கொடுத்த அதிகாரம் அற்றுப்போகும். நினைவு தவறிய பிறகும் தொடரும் அதிகாரப் பத்திரத்துக்குச் சில நாடுகளில் தனிச் சட்டம் உண்டு, இங்கே இல்லை. இது தெரியாத சட்ட ஆலோசகர் இருக்க முடியாது. தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள். மகளிடம் அவள் பயத்தையே காட்டிப் பணம் வாங்குவதை எப்படி மன்னிப்பது?

வேறு வழி தேடினால் ஒவ்வொரு கதவும் பாதிதான் திறக்கிறது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்தை நிர்வகிக்க ஒருவரை மாவட்ட நீதிமன்றம் நியமிக்க இடம் இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. அதில் வரும் நியமனப் பிரதிநிதி சிகிச்சை விஷயங்களுக்கு மட்டுமே. ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்ற குறைபாடுகள் உள்ளவர்களுக்குக் காப்பாளரை நியமிக்க வழிசெய்யும் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் பட்டியலில் டிமென்ஷியா கிடையாது. கடைசியில் காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறோம். நர்ஸ் சம்பளம் என் கையிலிருந்து போகிறது.

அதே நிறுவனம் அம்மாவின் வீட்டை அண்ணன் பெயருக்கு மாற்ற செட்டில்மென்ட் பத்திர வரைவும் தயாரித்திருந்தது. 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை அதில் ஒரு வரிகூட இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம், 2007, பிரிவு 23-இன் கீழ்ப் பத்திரத்தை ரத்துசெய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை நாடும்போது அந்த வரிதான் பெரிய பலம். நல்லவேளையாக அது பதிவாகவில்லை.

பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே சேமிப்புக் கணக்கை 'இருவரில் எவரும் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக்குங்கள். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறிக்கப் பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஆகவே சிறு தொகைகளாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி போடுங்கள். சொத்து பெரிதென்றால் குடும்ப டிரஸ்ட் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "எங்கள் வழக்கறிஞர்தான் எழுதினார், அவரைக் கேளுங்கள்" என்கிறார்கள். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். ஆனால் ரசீது நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இவர்களிடம் பணம் கட்டியவர்கள் ரசீதையும் கையேட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.