சின்சில்லா வளக்கிறவங்க கவனத்துக்கு: போர்டிங்ல விட்ட எங்க மிளகுக்கு என்ன செஞ்சாங்கன்னு படிங்க

சிங்கப்பூர்ல சின்சில்லா (மெத்துன்னு அடர்த்தியா முடி இருக்கிற, எலி வகையச் சேந்த சின்ன பிராணி) வச்சிருக்கவங்க, புதுசா வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க, லீவுக்கு ஊருக்குப் போறப்ப பெட் போர்டிங்ல விடலாம்னு பிளான் போட்டிருக்கவங்க எல்லாரும் தயவுசெஞ்சு முழுசா படிங்க. கடை பேரு சொல்லல, கிளைம் போட்டிருக்கேன், அது முடியற வரைக்கும் பேர் போட வேணாம்னு இருக்கேன். ஆனா நடந்ததச் சொல்லாம இருக்க முடியல, இப்பக்கூட யாராவது அங்க பிள்ளைய விட்டுட்டு சாங்கி ஏர்போர்ட்டுக்கு கிளம்பிட்டு இருக்கலாம்.

எங்ககிட்ட ரெண்டு பேர். மிளகு, சாம்பல் கலர், ஆம்பள. வெண்ணெய், பீஜ் கலர், அவனும் ஆம்பளதான், ரெண்டும் அண்ணன் தம்பி. சித்தப்பா மக கல்யாணத்துக்கு குடும்பத்தோட சென்னை போகணும், வீட்ல பாத்துக்க ஆள் இல்ல. இந்தக் கடைய நடத்துறவரு நம்ம தமிழ்ப் பையன்தான், முன்னாடி ஹே (காஞ்ச புல்லு), குளியல் தூள் (தண்ணிக்குப் பதிலா இதுல புரண்டுதான் குளிக்கும்) எல்லாம் அங்க வாங்கிருக்கோம், போன்ல கேட்டப்ப "அக்கா நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க, 24 மணி நேரமும் ஏர்கான், சின்சில்லாவுக்குன்னே தனி ரூம், நம்ம வீட்டுப் பிள்ள மாதிரி பாத்துக்குவோம்"னு சொன்னாரு. நேர்ல போயி ரூமப் பாத்தேன், தெர்மாமீட்டர் 21 காட்டுச்சு, கூண்டு சுத்தமா இருந்துச்சு. அதனாலதான் விட்டோம்.

விடும்போது திமோதி ஹே ஒரு பெரிய பை, அவங்க வழக்கமா சாப்பிடற பிளெயின் பெல்லட் (எதுவும் கலக்காம சின்னச் சின்ன உருளையா வர்ற தீவனம்) ஒரு டப்பா நிறைய, கடிக்கிறதுக்கு ஆப்பிள் குச்சி, குளியல் தூள் எல்லாத்தையும் நானே குடுத்தேன். பேப்பர்ல எழுதி டப்பா மேல ஒட்டியும் வச்சேன், ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பெல்லட், ஹே எப்பவும் கூண்டுல இருக்கணும், வேற எதுவும் குடுக்க வேணாம், பழம், நட்ஸ், ட்ரீட் எதுவும் வேணாம்னு. வாயாலயும் சொன்னேன். "சரிக்கா, சரிக்கா"ன்னு தலையாட்டுனாரு.

திரும்பி வந்து எடுக்கப் போறேன், பெல்லட் டப்பா நான் குடுத்த அளவுக்கே கழுத்து வரைக்கும் அப்படியே இருக்கு. ஹே பைய பிரிக்கவே இல்ல, நான் ஒட்டுன டேப்போட இருக்கு. என்ன தம்பி இதுன்னு கேட்டா "அக்கா அவங்களுக்கு உங்க சாப்பாடு பிடிக்கல, நம்ம மிக்ஸ் குடுத்தோம், அதுக்கு உயிர விடறாங்க, பாருங்க எப்படி சாப்பிடறாங்கன்னு" அப்படின்னு கையில எடுத்து நீட்டுறாரு. மிளகு அவரு கையிலேருந்து எடுத்து தின்றது ஒரு உலர்ந்த திராட்சை. எனக்கு அங்கயே வயித்தக் கலக்கிருச்சு. அந்த மிக்ஸ் பையையும் ஒண்ணு எங்க பில்லுல சேத்து 28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டிருந்தாரு, திருப்பிக் குடுக்கப் பாத்தேன், பிறகு என்னதான் குடுத்திருக்காங்கன்னு தெரியணும்னு கையில வாங்கிட்டு வந்தேன்.

கூண்டுக்குள்ள இன்னும் மோசம். நாங்க குடுத்த ஆப்பிள் குச்சிய காணோம், அதுக்குப் பதிலா ரோஸ், பச்ச, மஞ்ச கலர் அடிச்ச மரத்துண்டுகள கம்பியில கோத்து அடியில ஒரு மணி கட்டுன பொம்ம தொங்குது, பாதி கடிச்சு முடிச்சாச்சு. வெண்ணெயோட வாயோரத்து முடியும் முன்னங்காலும் ரோஸ் கலர்ல இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி வெண்ணெய் கொஞ்சம் ஹே சாப்பிட்டான். மிளகு மூலையில முதுகக் கூனிக்கிட்டு உக்காந்தவன் எழுந்திரிக்கவே இல்ல. நடுநடுவுல வயித்த தரையில அழுத்தி உடம்ப நீட்டி நீட்டிப் படுத்தான், பக்கவாட்டுல உருண்டான், தொட்டா வயிறு மத்தளம் மாதிரி இறுகிக் கிடந்துச்சு. புழுக்க முதல்ல சின்னச் சின்னதா காஞ்சு வந்துச்சு, பிறகு சுத்தமா நின்னுருச்சு. சின்சில்லா வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், புழுக்க நிக்கிறதுன்னா காலையில பாத்துக்கலாம்னு விடற விஷயம் இல்ல. ராத்திரியே சின்ன பிராணிகளப் பாக்கிற கிளினிக்குக்கு டாக்ஸி புடிச்சு ஓடுனோம்.

எக்ஸ்ரேல வயிறும் குடலும் பூரா கேஸ். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "என்ன சாப்பாடு மாத்துனீங்க"ன்னுதான். அவங்க விளக்குனத என் வார்த்தைல சொல்றேன். சின்சில்லாவால வாந்தி எடுக்க முடியாது, உள்ள போனது கீழ வழியாத்தான் வெளிய வரணும். ஆண்டிஸ் மலையில காஞ்ச புல்லும் செடிப்பட்டையும் தின்னு வாழ்ந்த பிராணி, பெருங்குடல் பக்கம் ஒரு பெரிய பை மாதிரி இருக்கிற இடத்துல நல்ல கிருமிங்க நார்ச்சத்த மெதுவா புளிக்க வச்சு சத்தா மாத்திக் குடுக்குது. அங்க திடீர்னு சர்க்கரையும் மாவும் போயி விழுந்தா வேற கிருமிங்க பெருகி கேஸ் ஏறும், கேஸ் ஏறுனா வலி, வலியில சாப்பிடாது, சாப்பிடலன்னா குடல் நின்னுரும், ஒரு நாள்லயே உயிர் போகலாம். 1923ல சாப்மன்னு ஒரு அமெரிக்கர் சிலியிலேருந்து 11 சின்சில்லாவ கலிபோர்னியாவுக்குக் கொண்டு போனாரு, இன்னிக்கு வீடுகள்ல இருக்கிறதுல பெரும்பாலானது அதுங்க வம்சந்தான்னு சொல்வாங்க. நூறு வருஷம் கூண்டுல வளந்தும் வயிறு மட்டும் அதே மலை வயிறுதான்.

வலிக்கு ஊசி, தோலுக்கடியில சலைன், குடல் அசையறதுக்கு மருந்து, பிறகு பவுடரா வர்ற புல் சாப்பாட்ட தண்ணியில குழைச்சு ஊசியில்லாத சிரிஞ்ச்ல கொஞ்சங் கொஞ்சமா வாயோரமா ஊட்டணும், ராத்திரி பகல் பாக்காம சில மணி நேரத்துக்கு ஒரு தரம். நானும் எங்க வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி முழிச்சோம். பொழைச்சுக்கிட்டான். முதல் புழுக்க விழுந்தப்ப எங்க வீட்டுக்காரரு கண்ணு கலங்கிட்டாரு, அவ்ளோ பயந்திருந்தோம். கிளினிக் செலவு 900 வெள்ளியத் தாண்டிருச்சு.

இப்ப அந்த மிக்ஸ் பைக்கு வர்றேன். முன்னாடி பளபளன்னு சின்சில்லா படம், "பிரீமியம் சின்சில்லா மிக்ஸ்"னு ஸ்டிக்கர். ஓரத்துல கொஞ்சம் தூக்கிட்டு இருந்துச்சு, ஹேர்டிரையர் காட்டி உரிச்சேன். அடியில வேற லேபிள். ஹாம்ஸ்டர் படம். சோளம், சூரியகாந்தி விதை, கடலை, உலர்ந்த திராட்சை, மொலாசஸ் (சர்க்கரைப் பாகு), காலாவதி தேதியும் தாண்டிருச்சு. பழைய ஹாம்ஸ்டர் தீவனத்து மேல சின்சில்லா ஸ்டிக்கர் ஒட்டி 28 வெள்ளிக்கு வித்திருக்காங்க, போர்டிங்ல விட்ட பிள்ளைங்களுக்கும் அதையே போட்டுத் தீத்திருக்காங்க. பைக்கு அடியில தூளோட ஒரு பூஞ்ச வாடையும் வந்துச்சு. சோளமும் கடலையும் நம்ம ஊரு ஈரத்துல எவ்ளோ சீக்கிரம் பூஞ்ச புடிக்கும்னு சமைக்கிற எல்லாருக்கும் தெரியும், அந்தப் பூஞ்ச விஷம் நேரா ஈரலத்தான் அடிக்கும்.

"விரும்பி சாப்பிடறாங்க"ங்கறத ஒரு ஆதாரமா சொல்றாங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. திராட்சை குடுத்தா எல்லா சின்சில்லாவும் விரும்பித்தான் தின்னும். விதை, நட்ஸ், தயிர் மிட்டாய், தேன் குச்சி எல்லாமே அப்படித்தான். கலந்த தீவனம்னா இனிப்பானதையும் கொழுப்பானதையும் பொறுக்கித் தின்னுட்டு மிச்சத்த விட்டுரும், ஹே பக்கமே போகாது. பல்லு ஆயுசு பூரா வளந்துகிட்டே இருக்கிற பிராணி, ஹேய பக்கவாட்டுல அரைச்சு அரைச்சுத் தின்னாத்தான் கடவாப்பல்லு தேயும். தேயலன்னா முனை முனையா வளந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும், வாயில எச்சி ஒழுகும், கண்ணுல தண்ணி வடியும், அதுக்குப் பிறகு வைத்தியம் பண்றது ரொம்பக் கஷ்டம். பையில சின்சில்லா படம் இருக்கான்னு பாக்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற பிளெயின் பெல்லட், கம்பெனி ஒட்டுன சீல் உடையாத பை, தேதி தெரியணும். கடையில பிரிச்சு அளந்து ஜிப் பையில போட்டுக் குடுக்கிறத வாங்காதீங்க, மலிவா கிடைச்சாலும் வேணாம்.

பொம்மையையும் விடல. ஒரு துண்ட டம்ளர் தண்ணியில போட்டு வச்சேன், கொஞ்ச நேரத்துல தண்ணி ரோஸ் ஆயிருச்சு, காலையில பாத்தா கட்டையே ஏடு ஏடா பிரிஞ்சு மிதக்குது. "நேச்சுரல் ஆப்பிள் வுட்"னு சொன்னது பசை போட்டு ஒட்டுன பிளைவுட். அந்தப் பசையத்தான் ரெண்டு பேரும் கடிச்சுத் தின்னுருக்காங்க. கோத்திருந்தது துத்தநாகப் பூச்சுக் கம்பி, சின்சில்லா பல்லுக்கு அந்தப் பூச்சு நிக்காது, உள்ள போனா விஷம். மலிவு மணி, பழைய பெயின்ட்ல ஈயம் இருந்தா வலிப்பு வரும், கண்ணு போகும். டாக்டரம்மா அதுக்காக ரத்தம் எடுத்து டெஸ்டும் பண்ணாங்க, நல்லவேளை ஒண்ணுமில்ல.

மரத்துல ஆப்பிள், பேரிக்காய், வில்லோ, ஆஸ்பென் எல்லாம் குடுக்கலாம், மருந்து அடிக்காததா இருக்கணும். பைன் மரம்னா சூளையில உலத்துனது மட்டும். சீடார் வேணவே வேணாம், அந்த வாசன எண்ணெய் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் கெடுதல். செர்ரி, பிளம், ஏப்ரிகாட் மாதிரி கொட்டப் பழ மரங்கள்லயும், ஆரஞ்சு எலுமிச்ச வகையிலயும் கை வைக்காதீங்க. பிளாஸ்டிக் சுரங்கம், பிளாஸ்டிக் வீடு கடிச்சு முழுங்குனா குடல் அடைச்சுக்கும். பருத்திக் கயிறு ஊஞ்சல் பாக்க அழகா இருக்கும், நூல் விரல்ல சுத்தி ரத்த ஓட்டம் நின்னு விரலே போன கதை இருக்கு.

ஓடற வீலப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா அந்தக் கடையில அடுத்த கூண்டுல இன்னொருத்தரோட சின்சில்லாவுக்கு கம்பி கம்பியா இருக்கிற சின்ன வீல் போட்டிருந்தத என் கண்ணால பாத்தேன். சின்சில்லாவோட பின்னங்கால் எலும்பு நீளம், ஆனா ரொம்ப மெலிசு, கம்பி இடுக்குல மாட்டி ஒரு திருப்பு திருப்புனா போதும் முறிஞ்சுரும். ஓடற பரப்பு இடுக்கு இல்லாம மூடியிருக்கணும், வீலோட விட்டம் 38 சென்டிமீட்டராவது வேணும், இல்லன்னா முதுகு வளைஞ்சே ஓடும். உள்ள விட்டு உருட்டற பிளாஸ்டிக் பந்து நம்ம ஊருக்கு ஆகவே ஆகாது, காத்தில்லாம உடம்புச் சூடு ஏறிரும். ஒரு மயிர்க்காலுக்கு 60 முடி வரைக்கும் இருக்கிற உடம்பு அது, 27, 28 டிகிரியத் தாண்டுனாலே ஆபத்து, காது செவந்தா உடனே குளிர்ச்சியான இடத்துக்கு மாத்தணும்.

குளியல் தூளும் பாத்து வாங்குங்க. அந்தக் கடையில ஹாம்ஸ்டர் மணலத்தான் சின்சில்லா கூண்டுலயும் வச்சிருந்தாங்க, சொரசொரன்னு இருக்கிற மணல் முடி அடிக்குள்ள போகாது, கண்ணத்தான் அறுக்கும். நல்ல தூள் விரல்ல தேச்சா முகப்பவுடர் மாதிரி இழையும், வாசன இருக்கக் கூடாது.

இன்னொண்ணு, இது உயிர் காக்கிற விஷயம். மிளகு சரியில்லன்னு அந்தத் தம்பிக்கு மெசேஜ் பண்ணப்ப "அக்கா எங்ககிட்ட ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து இருக்கு, வாங்க தர்றேன்"னு அனுப்புனாரு, போட்டோல பாத்தா அமாக்ஸிசிலின். சின்சில்லாவுக்கு பென்சிலின் வகை மருந்த வாய்வழியா குடுத்தா குடல்ல இருக்க நல்ல கிருமியெல்லாம் செத்து அதுவே கொன்னுரும். டாக்டர் தராத மருந்த யாரு குடுத்தாலும் வாயில ஊத்தாதீங்க.

கடையில போயி ஸ்டிக்கர உரிச்ச பையையும் எக்ஸ்ரேயையும் காட்டுனேன். முதல்ல "சப்ளையர் அப்படி அனுப்பிட்டாங்கக்கா"ன்னாரு, பிறகு நாங்க ஊட்டுன விதம் சரியில்லன்னு பேச்ச மாத்துனாரு, கடைசில போர்டிங் காச மட்டும் திருப்பித் தர்றேன், விஷயத்த வெளிய சொல்லாதீங்கன்னாரு. நான் ஒத்துக்கல. சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துல கிளினிக் பில்லும் சேத்து போட்டிருக்கேன், வக்கீல் தேவையில்ல, 20,000 வெள்ளி வரைக்கும் போடலாம், என் தொகைக்கு பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான். நாலஞ்சு நூறு வெள்ளிக்குப் போய் யாரு அலையறதுன்னு விட்டுறாதீங்க. அரசாங்கத்தோட விலங்குநல மருத்துவச் சேவைக்கும் போட்டோவோட புகார் அனுப்பியாச்சு. முள்ளெலி, சுகர் கிளைடர் எல்லாம் தடையா இருக்கிற இந்த ஊருல சின்சில்லா வளக்க நமக்கு அனுமதி இருக்கு, அத வச்சு வியாபாரம் பண்றவங்களுக்கு இந்தப் பொறுப்பு கூட இல்லன்னா எப்படி?

மிளகு இப்ப ஹே நல்லா சாப்பிடறான், எடை இன்னும் பழையபடி ஏறல, அடுத்த மாசம் பல்லு செக்கப் இருக்கு. உங்க வீட்லயும் "பிரீமியம் சின்சில்லா மிக்ஸ்"னு பெரிய ஸ்டிக்கர் ஒட்டுன பை இருந்தா ஹேர்டிரையர் காட்டி உரிச்சுப் பாருங்க. அடியில வேற லேபிள் வந்தா பைய தூக்கிப் போடாதீங்க, ரெண்டு லேபிளும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து ரசீதோட பத்திரமா வச்சுட்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்க, விசாரணைக்கு எத்தன பேர் சேந்து போறமோ அவ்ளோ நல்லது.