பெட்ரோல் ஊற்றும் குழாய் துருப்பிடித்தால்: ஒட்டுவதா, பற்றவைப்பதா, மாற்றுவதா?

கடலூர்க்காரர்கள் பலருக்கும் இருக்கும் பழக்கம் எனக்கும் உண்டு. புதுச்சேரி போய்த் திரும்பும்போது முள்ளோடை எல்லையைத் தாண்டுவதற்குள் டேங்கை நிரப்பிவிடுவேன். அங்கே வரி குறைவு, அதனால் விலையும் குறைவு. போன வருஷம் அப்படி நிரப்பும்போது பங்க்கில் இருந்த தம்பி, "சார், பின்சக்கரத்துப் பக்கம் ஒழுகுது, நிறுத்திடவா?" என்றார்.

அதுவரை ஐநூறுக்கும் ஆயிரத்துக்கும் போட்டுக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. காரில் பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயின் மேற்புறத்தில் ஓட்டை விழுந்தால், டேங்க் நிறைந்து பெட்ரோல் குழாய்க்குள் ஏறி வரும்போதுதான் வெளியே வரும். ஷெட்டில் பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை இழுத்ததும் ஈர மணல் பொலபொலவென்று கொட்டியது. மணல் ஒட்டிக் கிடந்த இடத்தில் குழாய் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தட்டினார். கருஞ்சிவப்புச் செதில் உதிர்ந்து, கடுகு அளவு இருந்த ஓட்டை மிளகு அளவானது.

உப்புக்காற்று ஊரில் இது பெரிய அதிசயம் இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிற வண்டி என்றால் இன்னும் சீக்கிரம் வரும். எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்.

முதலில் பசை. இரண்டு கட்டிகளைப் பிசைந்து அப்புகிற எபாக்சி மலிவு, அரை மணி நேர வேலை. ஆனால் பசை பிடித்து நிற்க நல்ல இரும்பு வேண்டும். துருவின் மேல் அப்பினால் துருவோடு சேர்ந்து உரிந்துவரும். நான் ஒரு தடவை அதைத்தான் செய்தேன், மூன்று வாரம் தாங்கியது. வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும், அவ்வளவுதான். அதற்கும் பெட்ரோல் டேங்க்குக்கென்றே வரும் எபாக்சியைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது பற்றவைப்பது. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கக்கூடியது. காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து கிடக்கும். குழாய் வண்டியில் இருக்கும்போதே "ஒரு புள்ளி வச்சுடறேன்" என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். குழாயைத் தனியாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, காயவைத்த பிறகு பித்தளைப் பற்று (பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டும் பிரேசிங்) வைக்கலாம். குழாய் மெல்லிய தகடு என்பதால் ஆர்க் வெல்டிங் வைத்தால் புது ஓட்டை விழும். ஏதோ இடித்து விரிசல் விட்டிருந்தாலோ, பிராக்கெட் ஒட்டியிருக்கும் இடத்தில் அதிர்வால் பிளந்திருந்தாலோ, மற்ற இடம் திடமாக இருந்தால் பித்தளைப் பற்று நல்ல வேலைதான். துருவால் வந்த ஓட்டைக்கு மட்டும் வேண்டாம். பக்கத்திலேயே அடுத்த ஓட்டை காத்துக்கொண்டிருக்கும். குழாயே பிளாஸ்டிக் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது, கெட்ட பகுதியை அறுத்துவிட்டு ரப்பர் ஹோஸ் போட்டு இரண்டு பக்கமும் கிளிப் முறுக்குவது. இரண்டு முனையும் நல்ல இரும்பாக இருந்தால் இது நிற்கும். ஆனால் கையில் கிடைத்த ரேடியேட்டர் ஹோஸை மாட்டிவிடக் கூடாது. அது தண்ணீருக்கான ரப்பர். பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலையும் தாங்கும் ஃப்யூவல் ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நடுவில் ரப்பர் வந்தால் மேல்பாகத்து இரும்புக்கும் டேங்குக்கும் தொடர்பு அறுந்துவிடும். வாய்ப்பக்கத்து ஸ்க்ரூக்கள் பாடியோடு இரும்புக்கு இரும்பு பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நிலைமின்சாரம் வடிய அதுதான் வழி.

பழைய இரும்புக்கடையிலோ சென்னை புதுப்பேட்டையிலோ கழற்றிய குழாய் வாங்குவது நாலாவது வழி. விலை படியும். ஆனால் கடலோரத்தில் ஓடிய வண்டியின் குழாய் என்றால் நம்முடையதற்கு அது அண்ணனாகத்தான் இருக்கும். சேலம், தருமபுரிப் பக்கம் ஓடிய வண்டியிலிருந்து வந்தது என்றால் வாங்கலாம். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உட்பக்கத் துரு உதிர்ந்து டேங்க்கில் விழுந்தால் பம்ப்பின் வடிகட்டி அடைக்கும்.

கடைசியில் நான் புதுக் குழாயே போட்டேன். செலவு இதில்தான் அதிகம், ஆர்டர் கொடுத்துச் சில நாள் காத்திருக்கவும் வேண்டும். துரு என்றால் என் ஓட்டு இதற்குத்தான், அதிலும் கடலூர், புதுச்சேரி வண்டிகளுக்கு. டேங்கோடு சேரும் ரப்பரையும், பக்கத்தில் ஓடும் மெல்லிய காற்றுக்குழாயின் ரப்பரையும், கிளிப்புகளையும் அதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அந்தக் காற்றுக்குழாயைப் பலரும் கவனிப்பதில்லை. ஊற்றும்போது டேங்கிலிருக்கும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. அது அடைத்தால் பெட்ரோல் எதிர்த்து வந்து நாசில் நுனியிலுள்ள சின்னத் துளையை மூடும், நாசில் டக் டக்கென்று தானே நிற்கும். பங்க் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாட்டும் முன் குழாயின் வெளிப்பக்கம் இரண்டு பூச்சு துருத்தடுப்பு பெயின்ட் அடிக்கச் சொன்னேன். வேலை முடிந்ததும் இணைப்புகளில் சாக்பீஸ் பொடி தடவி, டேங்கை நிரப்பி, கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துப் பார்த்தோம். கசிந்தால் பொடி நனைந்து நிறம் மாறும். மாறவில்லை. இப்போது மழைக்காலம் முடிந்ததும் மறைப்பைக் கழற்றி, நல்ல தண்ணீர் அடித்து, அந்த மணலை வெளியேற்றிவிடுகிறேன்.