டொமைன் பெயரில் போலி மெயிலா? பேக்கேஜ் விற்பவர்களிடம் உஷார்!

சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்குச் சொந்த டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) உண்டு. காலண்டர் ஆர்டர்கள் குவியும் நேரத்தில், டெலிவரி ஆகவில்லை என்று திரும்பி வரும் மெயில்களால் இன்பாக்ஸ் நிரம்பத் தொடங்கியது. நாங்கள் அனுப்பியது ஒன்றுகூட இல்லை. எங்கள் டொமைனை ஒட்டவைத்து, ஜெனிஃபர், ராபர்ட் என்று வாய்க்கு வந்த பெயரில் யாரோ மாத்திரை விற்றிருக்கிறார்கள்.

எங்கள் மெயில் சர்வரை நடத்தும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போன் போட்டால், "அக்கவுண்ட் ஹேக் ஆகிடுச்சு சார், பாஸ்வேர்டு மாத்துங்க" என்றார்கள். மாற்றியும் நிற்கவில்லை. "அப்போ செக்யூரிட்டி பேக்கேஜ் போட்டாதான் சார் நிக்கும்" என்று ஒரு வருடப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். வந்தது எங்களுக்கு வரும் மெயிலை வடிகட்டும் வெறும் ஸ்பாம் ஃபில்டர். வாடிக்கையாளர் அனுப்பிய டிசைன்களையும் சேர்த்துக் குப்பையில் தள்ளியதுதான் அது செய்த வேலை.

திரும்பி வந்த மெயில் ஒன்றுக்குள் இணைத்திருக்கும் போலி மெயிலின் முழு ஹெடரை (மெயில் வந்த வழியைக் காட்டும் தலைப்பு வரிகளை) பாருங்கள். அதைப் பெற்ற சர்வர் எழுதிய 'ரிசீவ்டு' வரியில், அனுப்பிய கம்ப்யூட்டரின் ஐபி முகவரி வேறு யாருடையதாகவோ இருக்கும். எங்கள் சர்வரைத் தொடாமலே போகிற மெயிலை எங்கள் சர்வரில் மாட்டிய ஃபில்டர் எப்படித் தடுக்கும்? மெயில் அனுப்ப 1982-இல் வகுத்த எஸ்எம்டிபி முறையில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரையும் போடலாம்.

இதற்கு மருந்து டிஎன்எஸ்-இல் (டொமைனின் பொதுப் பதிவேட்டில்) போடும் சில வரிகள். எந்த சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்பதை எஸ்பிஎஃப் சொல்லும். டிகிம் ஒவ்வொரு மெயிலிலும் கையெழுத்துப் போடும். இரண்டிலும் தேறாததை என்ன செய்வது என்று டிமார்க் சொல்லும். இவற்றைப் போடத் தனிக்கட்டணம் தேவையில்லை. எங்கள் டொமைனில் டிமார்க் வரியே இல்லை! கேட்டால், "அது உங்க சைடுல பண்ண வேண்டியது சார்". பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஆக்டிவேட் ஆனதற்கு ரீஃபண்ட் கிடையாதாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களிடம் ஜிமெயில் டிமார்க் கேட்கிறது. ஹோஸ்டிங் நடத்துபவருக்கு இது தெரியாதா என்ன?

அவசரப்பட்டு முதல் நாளே டிமார்க்கை 'ரிஜெக்ட்' (தேறாததை ஏற்காதே) என்று போட்டுவிடாதீர்கள். 'நன்' (none, எதையும் தடுக்காதே) என்று வைத்து, வரும் ரிப்போர்ட்டுகளைச் சில வாரம் படியுங்கள். எங்கள் பில்லிங் மென்பொருள் தன் சர்வரிலிருந்தே எங்கள் பெயரில் இன்வாய்ஸ் அனுப்புவது அப்படித்தான் தெரிந்தது. அந்த சர்வரையும் அனுமதித்தவற்றில் சேர்த்தபின் 'குவாரன்டைன்' (ஸ்பாமில் ஒதுக்கு), அப்புறம் 'ரிஜெக்ட்'. டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் 'கேட்ச்-ஆல்' வசதியையும் அணைத்துவிட்டோம். டிமார்க் பார்க்காத சர்வர்களிலிருந்து இன்னும் ஒன்றிரண்டு திரும்பி வரத்தான் செய்கின்றன. ஓர் எழுத்தை மாற்றிப் புது டொமைன் வாங்கி ஏமாற்றுபவனுக்கும் இது தடையில்லை.

பேக்கேஜ் வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே பில்லிங் பக்கத்தில் ஆட்டோ ரினியூவலை அணைத்துவிடுங்கள். எங்களுக்கு அது கேட்காமலே 'ஆன்' ஆகியிருந்தது.